வில்லுக்குக் கறுப்பு வேண்டாம்

கார் வாங்குபவர் அதன் உடல் வெள்ளையா, வெள்ளிச் சாம்பலா என்று வீட்டார் எல்லோரையும் கூட்டிவைத்து ஆராய்வார். அந்த உடலின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கும் சுருள்வில்லுக்கு, கராஜ்காரர் மொழியில் சொன்னால் 'கொயில் ஸ்பிரிங்'குக்கு, எந்தப் பூச்சு நிலைக்கும் என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. அனுராதபுரத்தில் வாழ்பவர் அவ்வாறு கேளாதிருந்தால் பெரிய நட்டம் ஏதும் வந்துவிடாது. வட்டவளையில் வாழ்பவர் கேட்டே ஆக வேண்டும்.

கொழும்பிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வீதியில் கினிகத்தேனையைத் தாண்டியதும் வருவது வட்டவளை. இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றருக்கு மேல். கொழும்புக்குக் கிடைப்பது 2,400 அளவில். இன்னும் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கோ 2,000 கூட இல்லை. யாழ்ப்பாணத்து மண் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் காணும் மழையை வட்டவளை ஒரே ஆண்டில் வாங்கிக்கொள்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை, மேற்குச் சரிவில் எதிர்ப்படும் மலைகளில்தான் முதலில் இறக்கிவைக்கிறது. செப்டெம்பர் வரை அந்தக் கணக்கு முடிவதில்லை.

ஆனால், இரும்பைத் தின்பது மழையின் அளவு அன்று. இரும்பு ஈரமாக இருக்கும் நேரமே. காற்றின் சாரீரப்பதன் 80 சதவீதத்தைக் கடந்துவிட்டால், ஒரு துளி மழை பெய்யாவிட்டாலும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்துவிடும். துருப்பிடிப்பதற்கு அதுவே போதுமானது. உலோக அரிப்பை அளக்கும் சர்வதேச நியமங்கள் ஓர் இடத்தின் 'ஈர நேரத்தை' இவ்வாறுதான் கணக்கிடுகின்றன. மழை ஓய்ந்தபின் மூடுபனி, மூடுபனி விலகியபின் மீண்டும் மழை என்று வாரக்கணக்கில் நாட்கள் கழியும் ஊரில், காரின் அடிப்புறம் உலர்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. தேயிலை மலைகளின் கற்பாதைகள் வேறு இருக்கின்றன. சில்லு எற்றும் கருங்கற் சிதறல் வில்லின் பூச்சைப் பெயர்க்கிறது; பெயர்ந்த இடத்தில் சேறு அப்பிக்கொள்கிறது; சேறு தன் ஈரத்தை விடுவதில்லை.

இவையெல்லாம் புதிய செய்தியல்ல. புதியது, நமது வாகனங்களின் வயது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இடையில் 2022இன் நெருக்கடி. சில வாரங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை எவரும் மறந்திருக்க முடியாது. தடை நீங்கியபின்னும் வரியும் நாணயப் பெறுமதியும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சாதாரண ஆசிரியருக்கும் சிறுகடைக்காரருக்கும் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. பத்து வருடத்தில் கைமாற்றிவிடலாம் என்று வாங்கிய வானை இருபது வருடம் ஓட்ட வேண்டியவர்களாகிவிட்டோம். உற்பத்தியாளர் பூசிய பூச்சு அவ்வளவு காலத்துக்கென்று, அதுவும் வட்டவளை மழைக்கென்று, பூசப்பட்டதல்ல.

முதலில் அந்த வில் எத்தகைய பொருள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அதனை வேலிக் கம்பியைப் போன்ற இரும்பு என்று எண்ணுவதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன. சிலிக்கனும் குரோமியமும் கலந்த உருக்கை வெப்பத்தில் பதப்படுத்தி இதனைச் செய்கிறார்கள். இன்றைய கார்களின் சுருள்வில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 1,800 நியூட்டனுக்கும் மேற்பட்ட இழுவிசையைத் தாங்கவல்லது. கட்டடங்களில் காணும் சாதாரண மென்னுருக்கு தாங்குவது 400 அளவில். அந்த அசுர வலிமைக்கு ஒரு விலை உண்டு. உருக்கு எவ்வளவு கடினமானதோ அவ்வளவுக்கு அது சிறு கீறலையும் பொறுக்காது. வில் அமுங்கி எழும்போது அதன் கம்பி உண்மையில் முறுக்கப்படுகிறது. முறுக்கத்தின் உச்சத் தகைப்பு கம்பியின் மேற்பரப்பிலேயே விழுகிறது. ஆகவேதான் ஆலையில் சிறு உருக்குக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பை அடித்து இறுக்குகிறார்கள். அதன்பின் துத்தநாகப் பொசுபேற்றுக் கழுவல். அதன்மேல் எபொக்சித் தூள் பூசி அடுப்பிலே சுட்ட மெல்லிய உறை. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள அந்த உறைதான் வில்லின் ஆயுள்.

உறை பெயர்ந்த இடத்தில் துரு ஒரு குழியைத் தோண்டுகிறது. குழியின் அடியில் தகைப்பு குவிகிறது. ஒவ்வொரு குண்டு குழியிலும் வில் ஒரு முறை அமுங்க, மயிரிழை வெடிப்பு ஒரு படி உள்ளே போகிறது. அரிப்பும் களைப்பும் கைகோத்து நடத்தும் இந்த வேலைக்குப் பல வருடங்கள் ஆகலாம்; முறிவதற்கு ஒரு கணம் போதும். முறிவு பெரும்பாலும் கீழ்ச் சுற்றிலே, வில் தன் இருக்கையில் அமரும் இடத்திலே நிகழ்கிறது. மணலும் சேறும் அங்கேதான் சிக்கி, உலோகத்துக்கும் இறப்பருக்கும் நடுவே அரத்தைப்போல் உராய்கின்றன. முறிந்த முனை சில கார்களில் சக்கரத்துப் பக்கம் திரும்பி ரயரைக் கிழித்துவிடும். பிரித்தானியாவில் ஆர்.ஏ.சி. என்ற வாகனச் சாரதிகள் நிறுவனம் வீதிக் குழிகளால் நேரும் பழுதுகளைக் கணக்கெடுக்கையில் முறிந்த விற்களையும் அதில் சேர்த்தே எண்ணுகிறது. பனிக்காலத்தில் வீதிக்கு உப்பிடும் நாடு அது. நமக்கு உப்பு இல்லை. அதன் இடத்தை நிரப்ப வருடம் முழுவதும் ஈரம் இருக்கிறது. உர மூட்டை ஏற்றும் வாகனங்களில் அமோனியம் சல்பேற்றுத் தூளும் சேர்ந்துகொள்கிறது. அது உருக்குக்கு உப்பைவிட நல்ல நண்பனல்ல.

இதற்கு நமது சேர்விஸ் நிலையங்கள் வைத்திருக்கும் மருந்து ஒன்றே: கறுப்பு. நீரை வேகமாகப் பாய்ச்சி அடிப்புறத்தைக் கழுவுவது. ஈரம் சொட்டச் சொட்டவே தாரெண்ணெய்க் கலவையையோ, மலிவான கறுப்பு எனாமலையோ, அதற்கும் வழியில்லாவிட்டால் எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஒயிலை டீசலில் கரைத்தோ விசிறிவிடுவது. வாகனம் வெளியே வரும்போது அடிப்புறம் புதுக் கறுப்பில் மினுங்கும். உரிமையாளருக்கு நிறைவு, நிலையத்துக்கு வருமானம்.

இம்மூன்றையும் நான் எதிர்க்கிறேன். தாரெண்ணெய்ப் பூச்சு தடிப்பானது. சில மாதங்களில் இறுகி, கல் பட்ட இடத்தில் வெடிக்கும். வெடிப்பினூடே நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்கும் உருக்குக்கும் இடையே தங்கிவிடும். மேலே மினுக்கம், கீழே அழுகல். கழிவு ஒயில் சில நாட்களுக்கு நீரைத் தள்ளிவைக்கும் என்பது மெய்தான். ஆனால் அது இயற்கை இறப்பரை ஊதவைத்து மிருதுவாக்கிவிடும்; வில்லைக் காப்பதாக எண்ணி அதன் இருக்கை இறப்பரையும் புஷ்களையும் இழக்கிறோம். முதல் மழையிலேயே அந்த ஒயில் வீதியிலும் பீலியிலும் கலந்து ஓடைக்குப் போய்விடும். அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே லயத்தில் இருப்பவர் குடிக்கிறார் என்பதை வாகனம் கழுவுபவருக்கு எவரும் நினைவூட்டுவதில்லை. மலிவான எனாமலின் குறை வேறு. அது உருக்கின் மேல் ஒட்டும், நாளடைவில் நொறுங்கும், நீர் ஊடுருவுவதை அதிகம் தடுக்காது. துத்தநாகம் கலந்த அடிப்பூச்சின் மேல் அதனைப் பூசினாலோ இன்னும் மோசம். எண்ணெயின் அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சவர்க்காரம் போன்ற ஒரு படையை உண்டாக்க, பூச்சு தோல் உரிவதைப்போல் உரியும். லயத்துக் கூரையின் புதுத் தகரத்துக்கு எண்ணெய் வர்ணம் பூசிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதே.

துருவை நீக்க அமிலத்தில் ஊறவைப்பது மற்றொரு வழக்கம். வாயிற்கதவின் இரும்புக்கு அது பொருந்தலாம். வில்லுக்கு ஆகவே ஆகாது. அமிலம் உலோகத்தைத் தின்னும்போது பிறக்கும் ஐதரசன் அணுக்கள் வலிமை மிகுந்த உருக்குக்குள் புகுந்து அதனை உடையும் தன்மையுடையதாக்கிவிடும். நேற்றுவரை துருவோடு உழைத்த வில், அமிலத்தில் பளபளப்பாகி வந்து இரண்டு நாளில் கண்ணாடிபோல் முறிவதற்கு இதுவே காரணம். மின்முலாம் பூசுவதிலும் இதே ஆபத்து உண்டு. உருக்கிய துத்தநாகத்தில் தோய்ப்பதென்றால், முன்னதாக அமிலத்தில் கழுவுவதோடு, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் வெப்பமும் வில்லின் பதத்தைக் கெடுக்கும். அரைக்கும் சக்கரத்தால் துருவைத் தேய்த்தெடுப்பதும் கூடாது. அது இழுக்கும் ஒவ்வொரு கோடும் ஒரு வெடிப்பின் பிறப்பிடம். கையால் உருக்குத் தூரிகை, அதன்பின் மணற்றாள், இறுதியில் எண்ணெய்ப்பசை போகத் துடைத்தல் — மெதுவான வேலைதான், வேறு குறுக்குவழி இல்லை.

இங்கே ஒரு விடயத்தை ஒளிவுமறைவின்றிக் கூறிவிட வேண்டும். துருவை நீக்கியபின் விரல் நகத்தால் தடவிப் பார்க்கையில் குழி தட்டுமானால், அந்த வில்லுக்குப் பூச்சுத் தேடக்கூடாது. மாற்றிவிட வேண்டும், அதுவும் சோடியாக. பூச்சு துருவின் எதிர்காலத்தைத் தடுக்கும். கடந்தகாலத்தைத் திருப்பித் தராது. குழி விழுந்த வில்லுக்கு உலகின் மிகச் சிறந்த எபொக்சியைப் பூசினாலும் குழியின் அடியில் குவியும் தகைப்பு ஓர் இம்மியும் குறையாது.

குழி இல்லாத, மேல்துரு மட்டும் படிந்த வில்லுக்கு என்ன பூசுவது? என் கணிப்பில் முதலிடம் இரு பொதி எபொக்சி அடிப்பூச்சுக்கே. பிசினும் இறுக்கியும் தனித்தனி டின்களில் வரும் வகை அது. துத்தநாகப் பொசுபேற்று கலந்ததாக இருந்தால் நன்று. எபொக்சி உருக்கைப் பற்றும் பிடிப்பு எனாமலுக்கு வாராது; நீரையும் எளிதில் உள்ளே விடாது. சூரிய ஒளியில் அது மாப்போல் உதிரும் என்பது அதன் மேல் சொல்லப்படும் குறை. காரின் அடியில், அதிலும் வட்டவளையில், சூரியனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதன்மேல் இரு பொதி பொலியூரித்தேன் மேற்பூச்சு ஒன்று. இது சற்று நெகிழ்வானது; கல் பட்டால் நொறுங்காமல் வாங்கிக்கொள்ளும். இரண்டும் மெல்லிய படைகளாக இருக்க வேண்டும். தடித்த பூச்சே வலிய பூச்சு என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழ வேரூன்றியது. தடித்த பூச்சுதான் வில் அசையும்போது முதலில் வெடிக்கிறது.

தூள் பூச்சைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். ஆலை பூசுவதும் அதுவே என்பதால் நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சுட 180 முதல் 200 பாகை வரை வெப்பம் வேண்டும். வெப்பமானி இல்லாத அடுப்பில் அந்த எல்லை தாண்டிவிட்டால், குண்டடித்து இறுக்கிய மேற்பரப்பின் பயன் கரையத் தொடங்கும். வாயிற்கதவுக்குத் தூள் பூசும் பட்டறையில் வில்லைக் கொடுக்கும் முன் அடுப்பின் வெப்பத்தை எதனால் அளக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்றின் ஈரத்தையே குடித்து இறுகும் ஒரு வகைப் பொலியூரித்தேனும் உண்டு, பி.ஓ.ஆர்.-15 என்ற பெயரில் வெளிநாடுகளில் புகழ்பெற்றது அவ்வினத்தைச் சேர்ந்தது. வட்டவளைக்கென்றே கண்டுபிடித்ததுபோல் தோன்றும். நம்பகமான இடத்தில் கிடைக்குமானால் வாங்கலாம். அதுவும் ஈரக் காற்றைத்தான் விரும்புகிறது. ஈர உருக்கை அன்று.

எந்த டின் என்ற கேள்விக்கு மேற்சொன்னதே போதும். இந்த ஊருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, எந்த மாதம் என்பது. பூச்சுத் தொழிலில் உலகம் முழுவதும் வழங்கும் விதி ஒன்று உண்டு: உருக்கின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும், சாரீரப்பதன் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். யூன் மாதத்தில் ஒரு நாள் வெப்பநிலை 20 பாகை, சாரீரப்பதன் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பனிபடுநிலை 18 பாகைக்கும் மேலே இருக்கும். இடைவெளி இரண்டு பாகைகூட இல்லை. அன்று பூசும் பூச்சு உருக்கின் மேல் படிவதில்லை; உருக்கின் மேல் இருக்கும் நீரின் மேல் படிகிறது. எபொக்சியாக இருந்தால் அதன் இறுக்கி ஈரத்தோடு வினைபுரிந்து மேலே பிசுபிசுப்பான ஒரு படலத்தையும் விட்டுவைக்கும். அதன்மேல் பூசிய மேற்பூச்சு ஒட்டாது. அதே 20 பாகையில் சாரீரப்பதன் 75 சதவீதமாகக் குறைந்தால் பனிபடுநிலை பதினைந்தரைப் பாகைக்கு இறங்கிவிடும், வேலை செய்யலாம். அத்தகைய நாட்களை மேற்குச் சரிவு ஜனவரி முதல் மார்ச் வரையில்தான் நம்பிக்கையோடு தருகிறது. அப்போதும் காலைப் பனி உலோகத்தில் பூத்திருக்கும். பத்து மணிக்குமுன் தூரிகையைத் தொட வேண்டாம். பிற்பகலில் முகில் இறங்குமுன் முடித்துவிட வேண்டும். முழுமையாக இறுக ஏழு நாள் வரை ஆகலாம் என்பதால், வில்லைக் கழற்றிப் பூசி, வீட்டுக்குள் தொங்கவிட்டு வைப்பதே உத்தமம். சுருளை அமுக்கிக் கழற்றும் வேலையை மட்டும் அதற்குரிய கருவி உள்ள கராஜில் செய்விக்க வேண்டும். அமுங்கிய வில் கையை விட்டுத் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

வைகாசி மழை தொடங்கியபின் வாகனத்தை எடுத்துச் சென்று 'அடிப்புறத்துக்குப் பெயின்ட் அடித்துத் தாருங்கள்' என்று கேட்பதே இங்குள்ள வழமை. மழையைக் கண்டதும் குடை வாங்குகிற புத்தி அது. குடைக்குப் பொருந்தும், எபொக்சிக்குப் பொருந்தாது.

இதில் ஒரு விநோதமும் உண்டு. காற்றின் ஈரத்தை நாள்தோறும் அளந்து குறிக்கும் இடம் வட்டவளையைச் சுற்றி ஒன்றல்ல, பல இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளே அவை. ஈரக் குமிழ், உலர் குமிழ் வெப்பமானிகள் இரண்டையும் பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிட்ட பின்னரே கொழுந்தை வாட்டும் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கிறார்கள். கொழுந்துக்குக் கிடைக்கும் இந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு, அதைச் சுமந்து வரும் லொறியின் வில்லுக்குக் கிடைத்தால் போதும். (பூச்சு வேலையைத் தொழிற்சாலைக்குள்ளேயே செய்துவிடலாமே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தேயிலை வாசனையை உறிஞ்சும் பொருள். பெயின்ட் டின்னுடன் உள்ளே போகிறவருக்குத் தொழிற்சாலை அதிகாரி தரும் வரவேற்பை நான் விவரிக்கத் தேவையில்லை.)

லொறி என்றதும் தகட்டுவில்லுக்கு வந்துவிடுகிறோம். கொழுந்து லொறி, உழவு இயந்திரத்தின் பெட்டி, பழைய பேருந்து ஆகியவற்றின் பாரத்தை அடுக்கிய வில்லுத்தகடுகளே தாங்குகின்றன. இவற்றின் சிக்கல் சற்று வேறானது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்வதால் இடையே எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. அங்கே நுழையும் நீர் துருவாகிப் பருத்து, தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கிவிடும். அடுக்கின் வெளிப்புறத்தில் மட்டும் கறுப்புப் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம். அடுக்கைப் பிரித்து, ஒவ்வொரு தகட்டையும் துடைத்து, எபொக்சி அடிப்பூச்சுக் கொடுத்து, உராயும் முகங்களில் காரீயம் கலந்த கிறீஸ் தடவி அடுக்குவதே முறை. யூ வடிவ ஆணிகள் இறுகப் பற்றும் இடத்தில் தடித்த பூச்சு இருக்கக்கூடாது. பூச்சு நசுங்க நசுங்க ஆணியின் இறுக்கம் தளரும். தளர்ந்த இடத்தில் அடுக்கு நகர்ந்து நடு ஆணியை வெட்டிவிடும். ஒரு லொறிக்கு இரண்டு நாள் வேலை இது. முறிந்த தகட்டைக் கொல்லர் பட்டறையில் கொடுத்தால் அருமையான கத்தி கிடைக்கும் என்பது நாடறிந்த விடயம்; அத்தனை கத்திகள் நமக்குத் தேவையில்லை.

தோட்டத்து லொறியில் ஏறுவது கொழுந்து மட்டுமல்ல. வேலைக்குப் போகும் ஆட்களும், நள்ளிரவில் நோயாளியும், பிரசவத்துக்குப் போகும் தாயும் அதிலேதான் ஏறுகிறார்கள். டிக்கோயாவில் 2017இல் இந்தியாவின் உதவியோடு பெரிய வைத்தியசாலை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அங்கே போய்ச் சேரும் வரையான வளைவுகளை அந்தத் தாய் கடந்தாக வேண்டும். அலுவலகத்தின் பெயர்ப்பலகைக்கு வருடந்தோறும் புது வர்ணம் காணும் தோட்ட நிருவாகங்கள், லொறியின் வில்லை ஜனவரியில் இரண்டு நாள் பிரித்துப் பார்ப்பதை வீண் செலவு என்று சொல்லுமானால், அந்தச் சொல்லை நான் ஏற்க ஆயத்தமாக இல்லை.

அரசாங்கத்தின் பக்கமும் சொல்ல வேண்டியதுண்டு. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டத்தின் கீழ், வருமான அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமானால் காரை ஆண்டுதோறும் கொண்டு சென்று புகையை அளந்து காட்ட வேண்டும். புகைக்குழாயின் வாயில் குழலை நுழைப்பவர், அதிலிருந்து ஓரடி தள்ளி நிற்கும் வில்லைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கும்படி அவருக்கு விதியும் இல்லை. பேருந்து, லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கு முந்திய நாள் அடிப்புறம் முழுவதற்கும் கறுப்புப் பூசும் வழக்கத்தை அறியாதவர் இத்தொழிலில் எவரும் இல்லை. 2025 மே 11இல் கொத்மலை கரண்டியெல்லையில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த விபத்தில் வில்லுக்குப் பங்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. இத்தகைய ஒவ்வொரு துயரத்தின் பின்னும் சாரதியின் உறக்கத்தையும் பிறேக்கையும் பற்றிப் பேசுகிறோம். ரயர்களைப் பற்றியும் சில வேளை பேசுகிறோம். வாகனத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் உருக்கைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. பரிசோதனைக்கு வரும் வாகனத்தின் வில்லில் ஈரம் காயாத கறுப்பு இருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி விதி எழுத எவ்வளவு காலம் வேண்டும்?

என் தலைப்பின் பொருளும் இதுதான். கறுப்பு மறைக்கும் நிறம். கறுப்பின் மேல் மயிரிழை வெடிப்புத் தெரியாது. துருவின் முதற் கசிவும் தெரியாது. மேற்பூச்சை வெளிர் சாம்பலிலோ மஞ்சளிலோ தேர்ந்துகொண்டால், பூச்சு பெயர்ந்த இடத்தில் செம்பழுப்புக் கோடு ஒன்று அடுத்த வாரமே காட்டிக்கொடுக்கும். பாலங்களையும் இயந்திரங்களையும் பராமரிப்போர் வெளிர் நிறத்தை விரும்புவதற்குக் காரணம் அதுவே. கராஜ்காரர் சிரிப்பார், 'பந்தயக் காருக்கா அடிக்கிறீர்கள்?' என்று கேட்பார். சிரிக்கட்டும்.

பழைய வாகனம் வாங்குவோருக்கும் இது பொருந்தும். அடிப்புறம் முழுவதும் ஒரே சீராகப் புதுக் கறுப்பில் இருந்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே நலம். யப்பானிலிருந்து வந்த வாகனமானால், அந்நாட்டு ஏலத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 'எஸ்' என்ற எழுத்து துருவையும் 'சி' என்ற எழுத்து அதற்கும் மேற்பட்ட அரிப்பையும் குறிக்கும். ஹொக்கைடோ போன்ற வடபுலத்து வீதிகளில் பனிக்காலம் முழுவதும் உப்பிடுகிறார்கள். அந்த உப்பைத் தன் அடியில் சுமந்து வந்த கார், வட்டவளையின் ஈரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அரிபடும். கொழும்புக் கடற்கரையோரம் நெடுங்காலம் நிறுத்தப்பட்டிருந்த வாகனத்துக்கும் இது ஏறக்குறையப் பொருந்தும்.

ஜனவரியில் பூசியவர்கள் யூலையில் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்து ஒக்டோபரில் ஒருமுறையும் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வில்லின் கீழ்ச் சுற்றை மின்சூளால் பார்க்க வேண்டும். சேற்றைக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும். அழுத்த நீரை அருகிலிருந்து பாய்ச்சினால் பூச்சின் ஓரம் கிளம்பும். இருக்கை இறப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் விலை அற்பம். பெயர்ந்த இடம் சிறு நகத்தளவே இருக்குமானால், மழைக்காலம் முடியும்வரை அதை உலரத் துடைத்து மெழுகுப் பூச்சுத் தடவி வைத்து, அடுத்த ஜனவரியில் முறையாகப் பூசிக்கொள்ளலாம். அந்த இடத்தில் விரல் நகம் தட்டினால், பூச்சு டின்னை மூடி வைத்துவிட்டுப் புது வில்லின் விலையை விசாரியுங்கள்.